பவளத்தின் மேல் முளைத்திருப்பது எது? அறிகுறி பார்த்து அடையாளம் காணும் வழி

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் பவளம் நலமாக இருந்தால், அதன் தசையின் மேல் வெளியாள் எளிதில் குடியேற முடியாது. சளி ஓயாமல் சுரந்து வழித்துத் தள்ளும். தப்பி ஒட்டியதைக் கொட்டும் செல்கள் பார்த்துக்கொள்ளும். "பவளத்தில் ஏதோ முளைத்திருக்கிறது" என்று பதறிப் பார்த்தால், அது பெரும்பாலும் தசை விலகி வெளியே தெரியும் சுண்ணாம்புக் கூட்டின் மேலோ, பவளம் ஒட்டியிருக்கும் பிளக் என்னும் சிறு வில்லையின் மேலோதான் உட்கார்ந்திருக்கும். ஆகவே பெயரைத் தேடுவதற்கு முன் இரண்டு கேள்விகள்: எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? சுற்றியுள்ள தசை என்ன ஆகிறது? சுற்றிலும் தசை முழுதாக, நிறத்தோடு, பாலிப் (பவளத்தின் பூப்போன்ற சிறு உடல்) நீட்டியபடி இருந்தால் அவசரம் இல்லை. ஓரம் வெளுத்துப் பின்வாங்கினால் இன்றே வேலை இருக்கிறது.

பார்க்கும் முறை

அலை பம்பு, வடிகட்டிய நீரைத் தொட்டிக்கு ஏற்றும் திரும்பு பம்பு இரண்டையும் பத்து நிமிடம் நிறுத்துங்கள். நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கை மட்டும் வையுங்கள். நீல ஒளியில் சாதாரணக் கடற்பஞ்சுகூட அன்னிய கிரகத்து ஜந்துபோல ஒளிரும். 10 மடங்கு லென்ஸ், நீண்ட பிப்பெட், ஒரு மூங்கில் குச்சி போதும். விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச் அடித்து மறுபடி பாருங்கள். கடிப்பவற்றில் பல இரவில்தான் வெளியே வரும்.

பிறகு குச்சியால் மெல்லத் தொடுங்கள். சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டால் குழாய்ப்புழு அல்லது அனிமோன். இரண்டு துளைகளைச் சுருக்கி மெதுவாக மூடினால் கடற்பீச்சி. அசைவே இல்லையென்றால் கடற்பஞ்சு, பாசி, ஃபொராமினிஃபெரா (ஓடு கட்டும் ஒற்றைச் செல் உயிரி), முட்டை இவற்றில் ஒன்று. கல்லாகக் கடினமா, தோல்போல வளைகிறதா, பிப்பெட் நீரடிக்குக் கலைகிறதா என்பதையும் பார்த்துவிட்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பவளம் இருக்கும் கல்லில் ஜோவாந்திட் அல்லது பாலிதோவா (பொத்தான்போன்ற பாலிப்புகள் கூட்டமாக வளரும் உயிரிகள்) இருந்தால் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தேய்க்காதீர்கள். 1971-இல் ஹவாயிலிருந்து கிடைத்த பாலிதோவாவிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட பாலிடாக்சின், அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்று. கல்லைக் கொதிக்க வைப்பது, வெந்நீர் ஊற்றுவது, காய்ந்த கல்லைத் தூரிகையால் தேய்ப்பது மூன்றும் கூடவே கூடாது. நஞ்சு ஆவியாகவும் தூசியாகவும் மூச்சில் ஏறும். வாயில் உலோகச் சுவை, தசைவலி, மூச்சுத்திணறல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், என்ன கல்லைக் கையாண்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடினமான வெள்ளைச் சுருள், 1 முதல் 3 மி.மீ.

ஸ்பைரார்பிட் குழாய்ப்புழு. கண்ணாடியிலும் பம்பிலும்கூட நூற்றுக்கணக்கில் ஒட்டும். தீங்கில்லை, விட்டுவிடலாம்.

நீட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக் குழாய், நுனியில் சிலந்தி வலைபோல நூல்

மேலே சொன்ன சுருளோடு பலரும் குழப்பிக்கொள்வது இதைத்தான், குழப்பத்துக்கு விலையும் அதிகம். வெர்மெட்டிட் நத்தை தரையில் ஊர்வதில்லை; குழாய்க்குள் உட்கார்ந்தபடி சளி வலையை வீசி, மிதக்கும் துகள்களோடு சேர்த்து வலையை இழுத்துத் தின்னும். அந்த வலை பவளத்தின் மேல் படியும்போது பாலிப் விரிவதில்லை, தசை எரிச்சலடைகிறது. பிரெஞ்சு பாலினேசியாவின் மூரேயா தீவில் பெரிய வகை வெர்மெட்டிட் ஒன்றை வைத்து நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், பவளத்தின் எலும்புக்கூட்டு வளர்ச்சி 81 சதவீதம் வரையும், உயிர்பிழைப்பு 52 சதவீதம் வரையும் குறைந்தது தெரிந்தது. தொட்டியில் வருவது அதைவிடச் சிறிய வகைதான். ஆனால் எண்ணிக்கையில் ஈடுகட்டிவிடும்.

உறுதி செய்ய: பம்பு நிறுத்தியதும் பொடி உணவு ஒரு சிட்டிகை போடுங்கள். சில நிமிடங்களில் குழாய் வாயிலிருந்து கண்ணாடி நூல்கள் மிதந்து வரும். இறகு விசிறி விரிந்தால் அது வெர்மெட்டிட் அல்ல, குழாய்ப்புழு, அதை விட்டுவிடுங்கள். தோல்போல மெத்தென்ற குழாயும் குழாய்ப்புழுவுடையதே.

நீக்க: பவளத்தை வெளியே எடுக்க முடிந்தால் குழாயை அடியோடு எலும்பு வெட்டியால் நொறுக்குங்கள். மேல்நுனியை மட்டும் உடைத்தால் பயனில்லை, நத்தை உள்ளே இறங்கிக்கொண்டு புதுக்குழாய் கட்டும். எடுக்க முடியாத இடத்தில் வாய்த்துளையைச் சயனோஅக்ரிலேட் ஜெல் பசையால் அடைத்துவிடுங்கள். நீர்ப்பசை வேண்டாம், ஓடிப்போய் பவளத்தில் படியும். ஈர விரலால் ஒரு நொடி அழுத்திப் பிடித்தால் மூடி உட்காரும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் விட்டுப்போனவை தெரியும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதென்றால் நீங்கள் போடும் தூள் உணவு பவளத்துக்குப் போகவில்லை, நத்தைக்குத்தான் போகிறது. அதை ஒரு மாதம் நிறுத்துவது எந்தப் பசையையும்விட நன்றாக வேலை செய்யும்.

பழுப்பான, கண்ணாடிபோன்ற இழைகள் கொண்ட சிறு பூ

நான்கு பேர் இந்த உருவத்தில் வருவார்கள். நீண்ட தண்டு, கூராக முடியும் மெல்லிய இழைகள், நிழல் பட்டாலே துளைக்குள் மறைவது: ஐப்டேசியா என்னும் களை அனிமோன். குட்டையான தண்டு, நுனியில் குமிழ்போல வீங்கிய குறுகிய இழைகள், பச்சை அல்லது இளஞ்சிவப்புச் சாயல்: மஜானோ, இதுவும் களை அனிமோன். இது பார்க்க அழகாக இருப்பதால் பலர் குமிழ்நுனி அனிமோன் குட்டி என்று வளர்த்துவிடுகிறார்கள். ஒரே வேர்நூலிலிருந்து வரிசையாக எழும் மிகச்சிறிய பூக்கள், அடியில் கம்பிபோன்ற படர்வு: ஹைட்ராய்டு. கூட்டுக்குள் சுண்ணாம்பு வரிகள் தெரிந்து, தொட்டால் மெதுவாகச் சுருங்கினால் அது உங்கள் பவளத்தின் குட்டியே, கொன்றுவிடாதீர்கள்.

ஐப்டேசியாவை நசுக்குவதும் பிய்ப்பதும்தான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. பாதத்தின் ஒரு சிறு துணுக்கு ஒட்டியிருந்தாலும் அது முழு விலங்காக வளரும். நகர்ந்து போகும்போதே பாதத் துணுக்குகளை உதிர்த்துப் பெருகுவது அதன் இயல்பு.

ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் கால்க் பசை போதும். ஒரு தேக்கரண்டி கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்ஓ நீரில் பற்பசைப் பதத்தில் குழையுங்கள். பம்புகளை நிறுத்தி, 5 மி.லி. சிரிஞ்சின் நுனியை மெல்ல அருகே கொண்டுபோய், இழைகள் விரிந்திருக்கும்போதே வாயின் மேல் மெதுவாக இறக்குங்கள். வேகமாக அடித்தால் அது உள்ளே போய்விடும், பசை பக்கத்துப் பவளத்தில் போய் விழும். 15 நிமிடம் கழித்துப் பம்பை ஓடவிடலாம். 200 லிட்டர் தொட்டியில் ஒரே நாளில் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். காரத்தன்மை ஏறும், பிஎச் 8.5-ஐத் தாண்ட விடாதீர்கள். பசை கையில் பட்டால் எரியும், கண்ணாடி அணியுங்கள்.

பத்து இருபதைத் தாண்டிவிட்டால் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு உயிரிகளை விடுங்கள். பெப்பர்மின்ட் இறால் சிறியவற்றைத் தின்னும்; ஆனால் அதைப்போலவே தெரியும் ஒட்டக இறாலை வாங்கிவிட்டால் அது பவளப் பாலிப்பையே மேயும். பெப்பர்மின்டுக்கு உடல் கண்ணாடிபோல, மெல்லிய சிவப்புக் கோடுகள்; ஒட்டக இறாலுக்கு முதுகில் கூன், தடித்த வெள்ளைக் கோடும் புள்ளியும். பெர்கியா என்னும் ஓடில்லா நத்தை ஐப்டேசியாவை மட்டுமே தின்னும், வேறு எதையும் தொடாது. அதனாலேயே இரை தீர்ந்ததும் பட்டினியாகச் சாகும். இறாலையும் பெர்கியாவையும் ஒரே தொட்டியில் விட வேண்டாம், இறால் பெர்கியாவைப் பிடித்துத் தின்றுவிடலாம்.

ஹைட்ராய்டை மேயும் நம்பகமான விலங்கு என்று ஒன்றைக் காட்ட முடியாது. படர்ந்த பகுதியை எபாக்ஸி மண்ணால் முழுக்க மூடி மூச்சடைக்கச் செய்வது, அல்லது அந்தப் பிளக்கையே வெட்டி எறிவது, இரண்டில் ஒன்று.

வெள்ளைப் பஞ்சுருண்டை, ஆரஞ்சுப் படலம், சிவப்புக் குருத்து

பவளத்தின் நிழல்பக்கத்தில், நுனியில் மயிர்வளையத்தோடு 5 முதல் 10 மி.மீ. வெள்ளைக் குடுவையாக இருப்பது சைகான் கடற்பஞ்சு. வடிகட்டி உண்ணும், சில வாரங்களில் தானாகவே மறையும். கருஞ்சிவப்பில், சிறு கிளைகளோடு, கல்போலக் கடினமாக 3 முதல் 5 மி.மீ. இருப்பது ஹோமோட்ரீமா என்னும் ஃபொராமினிஃபெரா. ஒற்றைச் செல் உயிரி என்றால் நம்ப முடியாது, ஆனால் உண்மை. இரண்டும் தொட்டிக்கு நல்லவை. படலமாகப் பரவும் கடற்பஞ்சில் மட்டும் கவனம் வேண்டும்: அடித்தண்டிலிருந்து மேலேறித் தசையைத் தொடும் இடத்தில் ஓரம் வெளுக்கிறதென்றால் அந்த ஓரத்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பவளக் கூட்டில் வரிசையாகச் சிறு துளைகள் விழுந்து, அவற்றில் மஞ்சள் அல்லது பழுப்பு முனை எட்டிப்பார்த்தால் துளைக்கும் கடற்பஞ்சு. அது கூட்டை உள்ளிருந்தே அரிக்கும், சுரண்டல் உதவாது. நல்ல பகுதியை வெட்டி வேறு பிளக்கில் ஒட்டுவதே வழி.

கூட்டுக்குள் பதிந்த நீள்வட்டத் துளையிலிருந்து சிறு இறகு தாளம் தப்பாமல் வீசிக்கொண்டே இருந்தால் அது கொட்டலசு. பவளத்தோடே வளர்ந்தது, விடுங்கள்.

வெள்ளை நூல்கள் பவளத்திலிருந்தே வருகின்றன

புழு என்று பயந்து இழுத்துவிடாதீர்கள். வாயிலிருந்தோ உடல் சுவரைத் துளைத்தோ வரும் சுருண்ட வெள்ளை நூல்கள் பவளத்தின் செரிமான இழைகள். பக்கத்துப் பவளத்தைக் கரைக்கவோ, அடிபட்டபோதோ வெளியே தள்ளும். இரவில் மட்டும் நீளும் தனித்த நீண்ட இழைகள் தாக்கும் இழைகள். காலக்ஸியா வகைப் பவளத்தில் இவை 20 செ.மீ.யையும் தாண்டும், யூஃபிலியா வகையில் 15 செ.மீ. வரை போகலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: இடைவெளி. நீரோட்டத்தில் நூல் எங்கே போய்ப் படிகிறது என்று இரவில் பார்த்து, அதற்கேற்ப நகர்த்துங்கள்.

பவளமே புடைக்கிறது

கோனியோபோரா பவளத்தின் பக்கத்தில் தொங்கும் சிறு உருண்டை, இறந்த காளான் பவளத்தின் கூட்டில் முளைக்கும் சிறு தட்டுகள், யூஃபிலியாவின் தண்டில் பொட்டுபோன்ற பாலிப், இவை எல்லாம் பிள்ளைகள். தோல்பவளம் சட்டென்று மூடி மெழுகுப் படலம் போர்த்திக்கொண்டால் அது சட்டை உரிக்கிறது. சில நாளில் இருந்து இரண்டு வாரம் வரை எடுக்கலாம், நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டினால் படலம் சீக்கிரம் கழன்று போகும்.

கவலைப்பட வேண்டிய புடைப்பு வேறு. அக்ரோபோரா அல்லது மோன்டிபோரா வகைக் கல்பவளத்தில் சுற்றுப்புறத்தைவிட வேகமாக வளரும், வெளுத்த, வழவழப்பான, பாலிப் மிகக் குறைந்த கட்டி தெரிந்தால் அது எலும்புக்கூட்டின் பிறழ்வளர்ச்சி. அதற்கு மருந்து இல்லை. சுற்றிலும் 1 முதல் 2 செ.மீ. நல்ல தசையையும் சேர்த்து வெட்டி எடுத்து, மீதியைக் கவனித்து வாருங்கள். பெரிய கூட்டத்தில் ஒரே கட்டி என்றால் வெட்டாமல் விட்டாலும் பவளம் பல மாதம் நன்றாகவே இருப்பதுண்டு.

வட்ட வட்டமாக வெளிறிய கடித்தடம், பழுப்பு முட்டைகள்

இந்தப் பக்கத்தில் அவசரம் மிக அதிகமான அறிகுறி. அக்ரோபோராவின் நிறம் காரணமின்றி மங்கி, கிளையின் அடிப்புறத்தில் ஏறக்குறைய 1 மி.மீ. அளவுள்ள வெளிறிய வட்டங்கள் தெரிந்தால் தட்டைப்புழுவைச் சந்தேகியுங்கள். அக்ரோபோராவையே தின்னும் இதை 2011-இல் அமக்குசாபிளானா அக்ரோபோரே என்று பெயரிட்டார்கள். இப்போது புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே என்கிறார்கள். தின்ற பவளத்தின் நிறமே உடலில் தெரிவதால் நேரே பார்த்தால் கண்ணுக்குச் சிக்காது. பிப்பெட்டில் தொட்டி நீரை எடுத்து கிளையின் மேல் பலமாக அடியுங்கள். சுருண்ட துணுக்குகள் உதிர்ந்து மிதந்தால் அவைதான். தசை இல்லாத அடிக்கூட்டில் பொன்பழுப்பு மணிகள் கொத்தாக ஒட்டியிருப்பவை முட்டைகள்.

முக்கும் முறை: 3 லிட்டர் தொட்டி நீரில் பவளங்களுக்கான முக்குமருந்தைப் புட்டியில் சொன்ன அளவில் கலந்து, 10 முதல் 15 நிமிடம் வைத்து, அந்த நேரம் முழுவதும் பிப்பெட்டால் கிளைகளுக்குள் அடித்துக்கொண்டே இருங்கள். சும்மா ஊறவைத்தால் புழு இறந்தாலும் ஒட்டியே இருக்கும், நீங்கள் எண்ண முடியாது. பிறகு சுத்தமான தொட்டி நீரில் இரண்டு முறை அலசுங்கள். முக்கிய நீரைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். இதெல்லாம் புழுவை மட்டுமே கொல்லும்; முட்டையை எந்த முக்கலும் கொல்லாது. முட்டை பொரிய வெப்பநிலையைப் பொறுத்து இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதனால்தான் முட்டைக் கொத்தைச் சுரண்டி அந்த இடத்தைப் பசையால் மூடி, 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை ஆறு வாரம் முக்க வேண்டும். தொட்டியில் உள்ள எல்லா அக்ரோபோராவையும் ஒரே நாளில் எடுங்கள். ஒன்றை மட்டும் "அது நன்றாகத்தான் இருக்கிறது" என்று விட்டால் ஆறு வாரமும் வீண்.

மோன்டிபோராவின் அடிப்பக்கம் வெள்ளையாக அரிக்கப்பட்டு, அங்கே முதுகில் விரல்களோடு சில மி.மீ. வெள்ளை ஓடில்லா நத்தைகள் இருந்தால் அது ஃபெஸ்டில்லா சப்ஓடியோசா. 2020-இல்தான் முறையாகப் பெயர் பெற்றது, அதற்கு வெகுகாலம் முன்பே தொட்டிகளில் திரிந்தது. மேற்சொன்ன அதே முக்கல் அட்டவணைதான், கூடவே தட்டின் அடியை ஒவ்வொரு முறையும் பல் தூரிகையால் தேய்க்க வேண்டும்.

தழும்பே இல்லாமல் அக்ரோபோரா பாலிப் நீட்டாமல் இருந்தால் லென்ஸில் பாருங்கள். அரை மி.மீ. மஞ்சள் உடல், ஒரு முனையில் சிவப்புப் பொட்டு, தசையின் மேலேயே ஊர்வது: சிவப்புப் பூச்சி எனப்படும் டெகாஸ்டெஸ் அக்ரோபோரானஸ். இதற்கு மில்பெமைசின் ஆக்ஸிம் என்னும் கால்நடை மருந்து பயனளிக்கிறது. 6 மணி நேரம் வீதம் வாரம் ஒருமுறையாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முடிந்ததும் நீர் மாற்றமும் கார்பன் வடிகட்டலும். அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். இறால், நண்டு, கோபிபாட் என்னும் நுண் ஓட்டுயிரி எதையும் அது விட்டுவைக்காது. எனவே வளர்ப்பு இறால்களை முன்பே வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஜோவாந்திட் மூடியே கிடக்கிறது

பாலிப்பின் தண்டில் வெள்ளை அல்லது மஞ்சள் கொப்புளம் வரிசையாக இருந்தால் அது ஜோவா அம்மை. நைட்ரோஃபியூரான் வகை மருந்தில் தனிப் பாத்திரத்தில் முக்குவார்கள், கையுறை கட்டாயம். கொப்புளம் இல்லையென்றால் பாலிப்புகளின் இடுக்கில் தேடுங்கள்: தின்ற பாலிப்பின் நிறத்தையே பூண்ட ஓடில்லா நத்தை, சுருளாக ஒட்டிய முட்டை, அல்லது தட்டையாகச் சுருண்ட கட்டமிட்ட ஓடுள்ள சூரியகடிகார நத்தை. இவற்றை இடுக்கியால் எடுப்பதுதான் வேகமான வழி. நூல்பாசி மட்டும் அடைத்திருந்தால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தொட்டி நீர் கலந்து 5 நிமிடம் முக்கலாம். இது ஜோவாந்திடுக்கு மட்டும். கல்பவளங்களை இதில் போட்டுவிடாதீர்கள்.

கூழ், சளி, குமிழ்

யூஃபிலியாவின் ஒரு தலை பழுப்புக் கூழாகிக் கெட்ட வாடை வந்தால் பம்பை உடனே நிறுத்துங்கள், கூழ் மிதந்து அடுத்ததில் படிந்தால் அதற்கும் தொற்றும். சிறு குழாயால் கூழை உறிஞ்சி வெளியேற்றி, நோயுற்ற தலையை வெட்டிப் பிரித்து, மிச்சத்தை அயோடின் முக்கலுக்குப் பிறகு தனித்தொட்டியில் வையுங்கள். ஒரு இரவு பொறுப்பது முழுக் கூட்டத்தையும் இழப்பதற்குச் சமம்.

பழுப்புச் சளி நூல்கள், முனையில் காற்றுக்குமிழ், பகலில் பெருகி இரவில் குறைவது என்றால் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிரி. சோதனை எளிது: சளியைப் புட்டியில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காகித வடிகட்டியில் வடித்து, வடிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூலாகத் திரண்டால் அதுதான். இது பெரும்பாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியமாகிவிட்ட தொட்டியில்தான் கிளம்பும். அவற்றை முறையே 5 முதல் 10, 0.05 முதல் 0.1 பிபிஎம் அளவுக்கு உயர்த்துங்கள், இன்னும் சுத்தம் செய்யப் போகாதீர்கள்.

குறிப்பிட்ட எதுவும் இல்லாமல் வெறும் பாசியும் நூலும் கிளையின் அடியிலோ நுனியிலோ ஏறுகிறதென்றால் பாசியைத் துடைத்தெடுப்பதால் ஆவது ஒன்றுமில்லை, தசை விலகிய காரணத்தைத் தேடுங்கள். முதலில் காரத்தன்மையை அளந்து, மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் அளங்கள். 8 முதல் 9 டிகேஎச்சுக்குள் (காரத்தன்மையின் அலகு) நிலையாக இருக்க வேண்டும். ஒரே நாளில் 1 டிகேஎச் ஏறி இறங்கினாலே நுனி எரியும். உப்புச்செறிவு 35 பிபிடி (ஆயிரத்தில் பங்கு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மெக்னீசியம் 1250 முதல் 1350 பிபிஎம், வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி. இவை எல்லாம் சரியாக இருந்தும் தசை பின்வாங்கினால், விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்பு டார்ச்சோடு மறுபடி அந்தப் பவளத்தின் முன் உட்காருங்கள்.